தங்கத் துகள் ஊசி போட்டால் புற்றுக்கட்டி பளிச்சென்று தெரியுமா?

கேட்கப்பட்டது இதுதான்: "அத்தைக்கு 64 வயது. அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது. டை போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிரியேட்டினின் 1.8 இருப்பதால், டை கிட்னியைக் கெடுத்துவிடுமோ என்று வீட்டில் பயம். தங்க நானோ துகளை ஊசியாகப் போட்டால் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும், கிட்னிக்கும் ஒன்றும் ஆகாது என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். அது எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்?"

எங்கேயும் கிடைக்காது. தங்க நானோ துகளை சி.டி. டையாக மனிதர்களுக்குப் போட எந்த நாட்டிலும் இதுவரை அனுமதி இல்லை. நீங்கள் பார்த்த படங்கள் அநேகமாக எலிகளின் படங்களாக இருந்திருக்கும். "எங்களிடம் இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், தங்கம் காத்திருக்கும். 64 வயதுப் பெண்ணுக்கு கிரியேட்டினின் 1.8 என்றால், கிட்னி வடிகட்டும் அளவான ஈ.ஜி.எஃப்.ஆர். 31-ஐ ஒட்டி வரும். சி.டி.க்கு வழக்கமாகப் போடும் அயோடின் டையைப் பற்றிய பயம் ஒரு காலத்தில் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. 2020-ல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அங்குள்ள தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்றே சொன்னது. 30-க்குக் கீழே போனவர்களுக்கும், திடீரென்று கிட்னி பழுதானவர்களுக்கும்தான் முன்கூட்டியே சலைன் ஏற்றுவது போன்ற ஏற்பாடு தேவை என்றது. அத்தை அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கிறார். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "தங்கம் இருக்கிறதா?" என்பதல்ல. "எம்.ஆர்.ஐ. போதுமா, இல்லை மைக்ரோ பபிள் போட்டு அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அந்தக் குமிழிகள் நுண்ணிய வாயுக் குமிழிகள். வேலை முடிந்ததும் அந்த வாயு மூச்சோடு வெளியே போய்விடும், கிட்னிக்கு அதில் வேலையே இல்லை. கல்லீரல் கட்டி என்ன வகை என்று பார்க்க நன்றாகவே உதவும். எல்லா ஊரிலும் வசதி இருக்காது என்பதுதான் குறை.

சரி, இப்போது தங்கம். இந்தத் துகள்களோடு நான் சில வருடங்கள் குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

டை எதற்கு? எக்ஸ்-ரேக்கு எலும்பும் சதையும் வேறு வேறாகத் தெரியும், ஆனால் கல்லீரலும் அதற்குள் இருக்கும் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். சி.டி.யில் தண்ணீருக்கு 0 என்று வைத்து ஓர் எண் கொடுப்பார்கள். நல்ல கல்லீரல் 60-ஐ ஒட்டி வரும், கட்டி பல சமயம் அதிலிருந்து பத்து, இருபதுதான் தள்ளி நிற்கும். அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கத்தான் எக்ஸ்-ரேயை நன்றாக விழுங்கும் கனமான தனிமத்தை ரத்தத்தில் கலக்கிறோம். இப்போது அது அயோடின், அணு எண் 53. ஒரு ஸ்கேனுக்கு 100 மில்லிலிட்டர் டை போனால், அதில் 30 கிராம் அயோடின் இருக்கும். ஏறக்குறைய நாலு பவுன் எடை. ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, வாயில் உலோக ருசி தட்டி, 'ஒண்ணுக்குப் போய்விட்டோமோ' என்று பதறவைப்பது இதுதான்.

தங்கத்தின் அணு எண் 79. கனம் அதிகமானால் எக்ஸ்-ரேயை அதிகமாகத் தடுக்கும் என்பது பொது விதி. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எடைக்கு எடை பார்த்தால், அயோடினைவிடத் தங்கம் 2.7 மடங்கு அதிகமாக விழுங்குகிறது. இந்த 2.7 என்ற எண் எல்லா வீடியோவிலும் வரும். அது சரியான எண்தான், ஆனால் பாதிக் கதை. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் விழுங்கும் திறன் சட்டென்று படி ஏறும், அதை கே-விளிம்பு என்பார்கள். அதே கிலோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் அயோடினுக்கு அது 33.2. தங்கத்துக்கு 80.7. இந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது 33-லிருந்து 80 வரை, அயோடின்தான் தங்கத்தை முந்துகிறது. 60-ல் பார்த்தால் எடைக்கு எடை விழுங்கும் திறன் அயோடினுக்கு 7.6, தங்கத்துக்கு 4.5. சாதாரண சி.டி. குழாயை 120 கிலோவோல்ட்டில் ஓட்டினால், வரும் கதிர்களில் பெரும்பங்கு இந்த நடுப்பகுதியில்தான் விழுகிறது. அதனால் இன்றைய சாதாரண ஸ்கேனரில் தங்கத்தின் லாபம் சுமார்தான். குழாயை 80-க்கு இறக்கினால் அந்த லாபமும் கரைந்துவிடும்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் தங்கத்தின் பின்னால் ஓடினார்கள்? காரணம் அதன் மேற்பரப்பு. கந்தகம் உள்ள எந்த மூலக்கூறையும் தங்கம் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கந்தகத்தின் மறுமுனையில் நமக்கு வேண்டியதைக் கட்டிவிடலாம்: ரத்தத்தில் ஒளிந்து திரிய உதவும் பி.ஈ.ஜி. என்ற பாலிமர், புற்றுசெல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி, சர்க்கரை, எதுவானாலும். அயோடின் டை சின்ன மூலக்கூறு, சில நிமிஷங்களில் ரத்தத்திலிருந்து நழுவத் தொடங்கிவிடும். தங்கத் துகளோ மூட்டை மாதிரி. 30 நானோமீட்டர் துகள் ஒன்றில் எட்டு லட்சத்துக்கு மேல் தங்க அணுக்கள் அடங்கும். அத்தனையையும் ஒரே முகவரிக்கு அனுப்பலாம் என்பதுதான் கனவு.

செய்வது கஷ்டமில்லை என்பது இன்னொரு கவர்ச்சி. தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்துக் கிடைக்கும் உப்பை நீர்க்கக் கலந்து கொதிக்கவிட வேண்டும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்பைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் மறைந்து, ஒரு நிமிஷம் தண்ணீர் போல வெளுத்து, அப்புறம் அழுக்கு நீலம், ஊதா என்று போய், கடைசியில் நல்ல மாதுளைச் சிவப்பில் நிற்கும். 1951-ல் டர்க்கெவிச் விவரித்த முறை இது, இன்றும் முதல் நாள் மாணவனுக்கு இதைத்தான் கொடுப்பார்கள். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் திரவத்தைச் செய்து, நிறம் வருவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தங்கப் பொடிதான் என்று சொல்லியிருந்தார். நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் வரும் அந்தச் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான்.

என் முதல் தொகுதி சிவக்கவே இல்லை. குடுவையை ராஜதிராவகத்தால் கழுவச் சொன்னார்கள், நான் சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். கருநீலமாகி அடியில் படிந்துவிட்டது. இரண்டாவது தொகுதி அழகாக வந்தது. அந்தப் பெருமையில், ரத்தத்தின் உப்பளவுக்கு உப்புக் கரைசலை அதில் ஊற்றினேன். கண் முன்னால் சிவப்பு நீலமாகியது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறம் அப்படி மாறும். குடுவையில் நிம்மதியாக இருப்பது உடம்புக்குள் போனால் அப்படி இருக்காது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பி.ஈ.ஜி. பூசுவது முக்கியமாக இதற்காகத்தான்.

இந்தத் துறைக்கு வாசல் திறந்தது 2006-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெய்ன்ஃபெல்டு குழு வெளியிட்ட கட்டுரை. 1.9 நானோமீட்டர் துகள், அதாவது சுமார் 200 அணுக்கள் கொண்ட பொட்டு. மார்புக்கட்டி வைத்த எலிகளுக்கு நரம்பில் ஏற்றி, மேமோகிராம் கருவியிலேயே படம் எடுத்தார்கள். கிட்னியும் கட்டியும் தெளிவாகத் தெரிந்தன, 100 மைக்ரானுக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள்கூடப் பிடிபட்டன. துகள் இத்தனை சிறிதாக இருந்ததால் கிட்னி வழியாக வெளியேறியும் விட்டது. பார்த்தவர்கள் மயங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். அதே குழு அதற்கு முன் 2004-ல் கதிர் சிகிச்சைக்காக எலிக்குக் கொடுத்த தங்கம், கிலோவுக்கு 2.7 கிராம். 60 கிலோ அத்தைக்கு இதை அப்படியே கணக்குப் போட்டால் 162 கிராம். இருபது பவுன்! ஒரு கல்யாணத்துக்குப் போடுகிற நகையை நரம்பில் ஏற்றுவது போல. எலி மருந்தளவை மனிதனுக்கு அப்படியே பெருக்க மாட்டார்கள், வழக்கமாகப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைப்பார்கள் என்று யாராவது சொல்லலாம். சரி, குறைப்போம். 13 கிராம், ஒன்றரைப் பவுனுக்கு மேல். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை, புற்றுநோய் மருந்துகள் அதைவிட விலை போகின்றன. கேள்வி, அந்த 13 கிராமில் கட்டிக்கு எவ்வளவு போகும் என்பது.

சி.டி. கருவிக்குக் கண் கொஞ்சம் மந்தம். உடம்பில் ஏற்றிய கதிரியக்க மருந்தைத் தேடும் பெட் ஸ்கேன் போல அணு அணுவாக மோப்பம் பிடிக்காது. ஒரு மில்லிலிட்டர் திசுவில் ஒரு மில்லிகிராம் அயோடின் இருந்தால், நான் மேலே சொன்ன எண் சுமார் 25 ஏறும். தங்கமும் அதே ரகம்தான். 13 கிராம் தங்கம் 60 கிலோ உடம்பில் சமமாகப் பரவினால், ஒரு கிராம் திசுவுக்கு 0.2 மில்லிகிராம்தான் வரும். எண் ஐந்து ஏறலாம். அது படத்தின் இரைச்சலிலேயே அமுங்கிவிடும். அப்படியானால் கட்டி தன் பங்கைவிடப் பல மடங்கு தங்கத்தை இழுத்துக்கொள்ள வேண்டும்.

இழுத்துக்கொள்ளும் என்றுதான் பல வருடம் நம்பினோம். 1986-ல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் சொன்ன கருத்து: கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரமாகக் கட்டப்பட்டவை, ஓட்டை உடைசல் அதிகம், அதன் வழியே பெரிய துகள்கள் கசிந்து உள்ளே தங்கிவிடும். எலியில் இது ஓரளவு நடந்தது. 2016-ல் டொராண்டோவில் வாரன் சான் குழு, பத்து வருட ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தோண்டி எடுத்துக் கூட்டிப் பார்த்தது. ஊசியில் போட்டதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடு மதிப்பாக, 0.7 சதவீதம். நூறு ரூபாய் அனுப்பினால் எழுபது காசு. துறையில் பலருக்கு இந்த எண் ஓர் அறை மாதிரி விழுந்தது. எலியின் கட்டி எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 20 கிராம் எலிக்கு அரை கிராம் கட்டி என்றால் உடம்பில் நாற்பதில் ஒரு பங்கு. அத்தைக்கு அது ஒன்றரைக் கிலோ கட்டிக்குச் சமம்! நாம் கண்டுபிடிக்க ஆசைப்படுவது பத்து கிராம் கட்டியை.

மீதித் தங்கம் எங்கே போகிறது? பெரும்பாலும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று காவல்காரர்கள் உண்டு, ரத்தத்தில் வரும் துகள் எதுவானாலும் அள்ளி விழுங்குவது அவற்றின் வேலை. தென்கொரியாவில் 2007-ல் ஒரு குழு, பி.ஈ.ஜி. பூசிய துகளை எலிக்குக் கொடுத்துக் கல்லீரல் புற்றைப் படம் எடுத்தது. கட்டிக்கும் கல்லீரலுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தது. அருமையான படம்தான். ஆனால் அங்கே பளிச்சென்று தெரிந்தது கட்டி அல்ல, கட்டியைச் சுற்றியிருந்த நல்ல கல்லீரல். காவல்காரர்கள் அங்கே இருந்தார்கள், கட்டிக்குள் இல்லை. கட்டி கறுப்பாக நின்றது. வீடியோக்காரர்கள் தலைகீழாகச் சொல்வது இதைத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

இந்தத் துறை முழுக்க மாட்டிக்கொண்டிருக்கும் இடுக்கியும் இதுதான். கிட்னி வழியாக வெளியேற வேண்டுமானால், துகளின் குறுக்களவு பூச்சோடு சேர்த்து சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அத்தனை சிறிதாக இருந்தால் கட்டிக்குள் சேரும் முன்பே கழிந்துவிடும், நிறைய கொடுக்க வேண்டியிருக்கும். கிட்னி மூலமாகத்தான் போகும் என்பதால், உங்கள் அத்தை பயப்படும் விஷயத்துக்கும் அது விடையில்லை. பெரிதாக்கினால் ரத்தத்தில் மணிக்கணக்கில் சுற்றும், ஆனால் கடைசியில் கல்லீரலில் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் மாதக்கணக்கில் எழுந்திருக்காது.

தங்கம் மந்தமானது, உட்கார்ந்தால் என்ன என்று கேட்கலாம். மருத்துவத்தில் இதற்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 1930-களில் தோரோட்ராஸ்ட் என்று ஒரு டை வந்தது, தோரியம் டை ஆக்சைடு துகள். ஊசி போட்டவுடன் ஒவ்வாமை கிடையாது, படம் அபாரம். போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்க அதைப் பயன்படுத்தினார். ஆனால் தோரியம் கதிரியக்கமுள்ளது, கல்லீரலை விட்டுப் போகவும் இல்லை. இருபது, முப்பது வருடம் கழித்து அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கல்லீரல் புற்று வரத் தொடங்கியது. சாதாரணத் தங்கத்துக்குக் கதிரியக்கம் இல்லை, அதனால் இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை. ஆனாலும் 'துகள், டை, கல்லீரல்' என்ற மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அனுமதி கொடுப்பவர்கள் ஏன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சிகிச்சை மருந்தென்றால் நோயாளி கொஞ்சம் ஆபத்தை ஏற்கலாம். டை அப்படியல்ல. கட்டியே இல்லை என்று முடிவு வரப்போகிற ஆளுக்கும் அதைப் போடுவோம்.

வேடிக்கை என்னவென்றால், தங்கக் கூழ்மம், அதாவது நுண்துகள் மிதக்கும் திரவம், மனித உடம்புக்குள் ஏற்கனவே போயிருக்கிறது. 1950-களில் தங்கம்-198 என்ற கதிரியக்கத் தங்கத்தைக் கூழ்மமாக்கி, கல்லீரல் ஸ்கேனுக்கே போட்டார்கள். அது கல்லீரலுக்குத்தான் ஓடும் என்று அப்போதே தெரியும், அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கதிரியக்கம் என்பதால் மிகக் கொஞ்சம் தங்கம் போதுமாயிருந்தது. பிறகு டெக்னீசியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமம் வந்து அதை ஒதுக்கிவிட்டது.

நம்பிக்கை தரும் இடம் எது என்று கேட்டால், நான் துகளைக் காட்டமாட்டேன், ஸ்கேனரைக் காட்டுவேன். ஒவ்வொரு எக்ஸ்-ரே ஃபோட்டானையும் தனித்தனியாக எண்ணி, அதன் ஆற்றலையும் பார்க்கும் ஃபோட்டான் எண்ணும் சி.டி. கருவிகள் வந்துவிட்டன. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. முதல் கருவிக்கு 2021-ல் அனுமதி கொடுத்தது. இந்தக் கருவிக்குத் தங்கத்தின் அந்த 80.7 படி ஒரு கைரேகை. படிக்குக் கீழும் மேலும் எண்ணி ஒப்பிட்டால், 'இது தங்கம், இது சுண்ணாம்பு, இது அயோடின்' என்று பிரித்து வண்ணம் தீட்டலாம். எலியில் 2010-லேயே இதைச் செய்து காட்டினார்கள். அயோடினின் படி 33-ல் இருப்பதால், அந்த ஆற்றலுள்ள கதிர் மனித வயிற்றைத் தாண்டி வருவதற்குள் தேய்ந்துவிடும். 80-ல் நிறைய கதிர் மிஞ்சும். அயோடினைத் தங்கம் உண்மையிலேயே வெல்லும் இடம் இதுதான்.

எக்ஸ்-ரேயை விட்டுவிட்டால் வேறு வழிகளும் உண்டு. குச்சி வடிவத் தங்கத் துகள், சதைக்குள் ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும். லேசர் அடித்தால் சூடாகி விரிந்து ஒலி எழுப்பும், அதை அல்ட்ராசவுண்ட் கருவியால் கேட்கலாம். மிகக் கொஞ்சம் தங்கம் போதும், ஆனால் ஒளி சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆழத்தில் இருக்கும் கல்லீரலுக்கு எட்டாது. 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, எலியின் மூளைக்கட்டியை எம்.ஆர்.ஐ., ஒளி-ஒலி, ராமன் ஒளி (துகளில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளி) என்று மூன்று முறையிலும் காட்டும் ஒரே துகளைச் செய்தது. மண்டை ஓடு திறந்திருக்கும்போது கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று அறுவை மருத்துவருக்குக் காட்டுவது அதன் நோக்கம். எனக்கு இந்த வழிதான் முதலில் ஆஸ்பத்திரிக்குள் நுழையும் என்று தோன்றுகிறது. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கட்டியைத் தேடுவதைவிட, கண்முன் இருக்கும் கட்டிக்கு எல்லை போடுவது எளிது.

இன்றைக்கே ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் தங்கம் வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் புற்றுக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு தங்கத் துண்டுகளை ஊசியால் உள்ளே பதிப்பார்கள். தினமும் எக்ஸ்-ரேயில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக் குறி சரிசெய்வார்கள். நானோ இல்லை, ஆன்டிபாடி இல்லை. நெல்மணியைவிடச் சின்னதாக ஒரு தங்கப் பொடிசு, அவ்வளவுதான்.

வீடியோவின் கீழே யாரோ தங்க பஸ்பம் பற்றி எழுதியிருந்ததாகவும் கேட்டிருந்தீர்கள். பஸ்பத்தில் நுண்ணிய தங்கத் துகள் இருப்பது உண்மை. ஆனால் வாயால் சாப்பிடுவது வேறு, நரம்பில் ஏற்றுவது வேறு. பஸ்பம் சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனால் கட்டி பளிச்சென்று தெரியப்போவதில்லை, சாப்பிடும் மில்லிகிராம் கணக்கு அதற்குக் காணாது. கிட்னி இப்படி இருக்கும்போது, என்ன பஸ்பம், செந்தூரம் எடுத்தாலும் சித்த மருத்துவரிடமும் அலோபதி டாக்டரிடமும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும் நாளில் பழைய அல்ட்ராசவுண்ட் படங்களையும், கடைசி மூன்று கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். 1.8 என்பது வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறதா, போன மாதம் ஏறியதா என்பது டாக்டரின் முடிவை மாற்றும். அத்தை சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால், டை ஊசி போடும் முன் அதை மறக்காமல் சொல்லுங்கள், சில நாள் நிறுத்தச் சொல்லலாம்.